ஒரு நூல் இடைவெளி: வீட்டு அலமாரிக்கும் புத்தக அடுக்குக்கும் அளவெடுப்பது

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை அமைந்த ஊர்களில் ஒன்று ஓசூர். எண்பதுகள் முடிவதற்குள் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய மூன்று பெயர்களும் ஓசூரோடு ஒட்டிக்கொண்டன. இந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் அவற்றைச் சுற்றி முளைத்தன. இன்று ஓசூரிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்கிறவர்களில் கணிசமானோர் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். லேத்தில் நிற்பவருக்கு 0.02 மில்லிமீட்டர் கூடினால் அந்தத் துண்டு கழிவுக்குப் போகும் என்பது தெரியும். வெர்னியர் காலிப்பரை இயல்பாகக் கையில் எடுக்கிறவர்கள் இத்தனை பேர் சேர்ந்து வாழும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அதே மனிதர் தன் வீட்டில் ஒரு புத்தக அலமாரி செய்ய நினைத்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? "நாலடி அகலம், ஆறடி உயரம், ஒரு அடி ஆழம்" என்று ஆசாரியிடம் வாயால் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த மூன்று எண்களில் இரண்டு தவறானவை. நாலடி அகலத்தில் தட்டு தொய்யும். ஒரு அடி ஆழத்தில் பலகை வீணாகும். மரவேலையில் அளவு என்பது என்ன, அதை எந்த வரிசையில் எடுக்க வேண்டும், எங்கே துல்லியம் தேவை, எங்கே இடைவெளி தேவை என்பதே இந்தக் கட்டுரை பரிசீலிக்கும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரை அளப்பதற்கு முன் உள்ளே வைக்கப்போகும் பொருளை அளக்க வேண்டும். எந்த எண்ணை எழுதினாலும், அதன் பக்கத்தில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதையும் எழுத வேண்டும். டாலரன்ஸ் என்ற சொல்லோடு பகல் முழுவதும் பழகும் ஓசூர்க்காரருக்கு இதில் பாதி வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யும் வேலை இங்கே பெருகுவதற்குக் காரணங்கள் உண்டு. ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ, ஆவலப்பள்ளி ஹட்கோ போன்ற குடியிருப்புகளிலும் மத்திகிரிப் பக்கத்து லைன் வீடுகளிலும் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மூன்று வருடத்தில் வீடு மாறும் குடும்பம் சுவரோடு சேர்த்து அலமாரி அடிக்க முடியாது. கடையில் வாங்கும் ஆயத்த அலமாரிகளில் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகு பிடித்த ஓட்டை தளர்ந்துவிடும். பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே பலகையைக் கேட்ட அளவுக்கு இயந்திரத்தில் அறுத்து, ஓரத்துக்குப் பட்டை ஒட்டித் தரும் கடைகள் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லையின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போன பிறகு அத்திப்பள்ளியைத் தாண்டிப் பலகை கொண்டுவருவதும் எளிதாகிவிட்டது. அறுப்பை இயந்திரத்திடமும் பொருத்துவதை வீட்டாரிடமும் விட்டுவிட்டால் மீதமிருப்பது திட்டமிடலும் அளவெடுப்பதும்தான். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

முதல் சிக்கல் அலகு. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது. ஆனால் தச்சு வேலை இன்னும் இரண்டு அலகுகளில் நடக்கிறது. ஆசாரி "முப்பது இஞ்ச் ரெண்டு நூல்" என்பார். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். வடமாநிலங்களிலிருந்து வந்து இங்கே உள் அலங்கார வேலை செய்யும் தச்சர்கள் அதே அளவைச் சூத் என்கிறார்கள். பிளைவுட்டின் நீள அகலம் அடியிலும் கனம் மில்லிமீட்டரிலும் சொல்லப்படும்: எட்டுக்கு நாலு, 18 எம்.எம். இழுப்பறைச் சேனலின் நீளம் அங்குலத்தில், அதற்கு விட வேண்டிய இடம் மில்லிமீட்டரில். தேக்கு கன அடியில் விற்கும். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். ஒரே அலமாரிக்குள் இத்தனை அலகுகள் புகும்போது தவறு எங்கே நுழைகிறது என்பதைப் பாருங்கள். 18 மி.மீ. பலகையைப் பேச்சில் முக்கால் இஞ்ச் என்பார்கள். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. ஒரு பலகையில் இது பெரிதில்லை. எட்டுத் தட்டு உள்ள அலமாரியில் இந்த வித்தியாசம் 8.4 மி.மீ. ஆகிவிடும். மேல் தட்டில் நிற்க வேண்டிய புத்தகம் நிற்காது, அல்லது கதவு மூடாது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303. அது 6 மி.மீ.க்கு மேற்பட்ட பலகையின் கனத்தில் 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. ஆக 18 என்று அச்சிட்ட பலகை 17.1 ஆகவும் இருக்கலாம், 18.9 ஆகவும் இருக்கலாம்; இரண்டும் தரத்துக்கு உட்பட்டவைதான். கணக்குப் போடுவதற்கு முன் கடையில் நிற்கும் பலகையையே நான்கு மூலையிலும் வெர்னியர் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் உள்ளே வரும் மூலப்பொருளைச் சோதிக்காமல் யாரும் மெஷினில் ஏற்றுவதில்லை. வீட்டு வேலைக்கு மட்டும் ஏன் அந்த ஒழுக்கத்தை விட்டுவிடுகிறோம்?

ஆகவே முழு வரைபடத்தையும் மில்லிமீட்டரிலேயே போடுவது நல்லது. ஆசாரி அங்குலத்தில் வேலை செய்பவராக இருந்தால், மாற்றும் வேலையை அவர் தலையில் போடாமல் நாமே பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். டேப் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் ஒரு டேப், கடையில் ஒரு டேப், ஆசாரியிடம் மூன்றாவது டேப் என்றானால் தொல்லைதான். நல்ல டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். அது பழுதன்று. உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் கனத்தைச் சரிக்கட்ட அப்படிச் செய்திருக்கிறார்கள். சர்வதேச முறைப்படி இரண்டாம் வகுப்பு டேப்புக்கு 2 மீட்டரில் 0.7 மி.மீ. வரை பிழை அனுமதி உண்டு. கீழே விழுந்து கொக்கி வளைந்த டேப்பில் பிழை அதைவிடக் கூடும்.

அனுபவமுள்ள தச்சர்கள் டேப்பை முடிந்தவரை தவிர்ப்பார்கள். ஒரு நேரான சட்டத்தை எடுத்து, அலமாரியின் அடி முதல் தலை வரை எல்லாத் தட்டுகளின் உயரத்தையும் அதில் ஒரே முறை குறித்துவிடுவார்கள். பிறகு இடது பக்கப் பலகைக்கும் வலது பக்கப் பலகைக்கும் அந்தச் சட்டம்தான் அளவு. எண்ணைப் படிப்பதில் வரும் பிழை அதில் இல்லை. உற்பத்திக் கூடத்தில் ஜிக் என்று சொல்வதும் இதைத்தான். வீட்டில் முதன்முறை அலமாரி செய்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை இந்த ஒற்றைச் சட்டம்.

இனி பொருளுக்கு வருவோம். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி 1/8 அளவில் வருகின்றன, ஏறத்தாழ 21.5 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். பழைய மலிவுப் பதிப்புகளும் சிறு நூல்களும் கிரௌன் 1/8, 18 செ.மீ. சொச்சம் உயரம். ஏ4 தாள் 29.7 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் கொண்டது. அலுவலகக் கோப்பான லீவர் ஆர்ச் ஃபைல் 32 செ.மீ. உயரமும் 28 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலமும் இருக்கும். இந்த நான்கு அளவுகளுக்குள் ஒரு வீட்டின் காகிதச் சொத்து பெரும்பாலும் அடங்கிவிடும். புத்தகத்துக்கு மேலே விரல் நுழைந்து சாய்த்து எடுக்க 25 முதல் 30 மி.மீ. இடம் வேண்டும். அதற்கு மேல் விடும் இடம் தூசிக்குப் போகும். அல்லது புத்தகத்தின் மேல் புத்தகம் படுக்கப் போகும்.

ஓசூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பதும் அளவைத் தீர்மானிக்கும். ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல்கள், 22 ஆயிரம் பக்கங்களுக்கு மேல். டெம்மி அளவு, 70 ஜி.எஸ்.எம். தாள் என்று வைத்துக் கணக்கிட்டால், அட்டையும் கட்டுமானமும் தவிர்த்துத் தாள் மட்டுமே 23 கிலோ வருகிறது. ஒரு நாவல் வரிசைக்கே இந்த எடை. அலமாரிக்குத் திட்டமிடும்போது "எத்தனை புத்தகம்" என்று எண்ணுவதைவிட, இருக்கிற புத்தகங்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி உயரவாரியாக எத்தனை மீட்டர் வருகிறது என்று அளப்பது சரியான வழி. அதோடு வருங்காலத்துக்கு மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

நூலகத் தளவாடம் பற்றி ஆழ்ந்து யோசித்த தமிழர் ஒருவர் நமக்கு உண்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகள் நூலில், அலமாரியின் உயரம்கூட வாசகரின் உரிமை சார்ந்த விஷயமாகப் பேசப்படுகிறது. தரையில் நிற்கும் சராசரி மனிதரின் கைக்கு எட்டாத தட்டு, புத்தகத்தை அடைத்துவைக்கும் தட்டு. பின்னாளில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த ரங்கநாதன் 1962-ல் அங்கே ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-ல் அங்கேயே மறைந்தார். நூலக மரத் தளவாடத்துக்கென்றே ஐ.எஸ். 1829 என்ற தரநிலையும் இந்த நாட்டில் உண்டு. வீட்டு அலமாரிக்கும் ரங்கநாதன் காட்டிய அளவுகோல் பொருந்தும். வீட்டிலேயே உயரம் குறைந்தவர், குதிகால் உயர்த்தாமல் நின்று கையை நீட்டித் தொடும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். தினமும் எடுக்கும் எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. குழந்தைகளின் புத்தகங்களுக்கு அவர்களை நிறுத்தி இன்னொரு கோடு போட வேண்டும்.

ஆழம் பற்றிய பழக்கம்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. ஒரு அடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். டெம்மி நூலுக்கு 14 செ.மீ. போதும், ஏ4 அகல நூலுக்கு 21 போதும். 24 செ.மீ. ஆழம் என்றால் இரண்டும் வசதியாக நிற்கும். ஒரு அடி ஆழத்தில் முன்னால் இருக்கும் இடத்தில் மருந்துச் சீட்டும் சாவிக்கொத்தும் சேரும், அல்லது இரண்டாவது வரிசை நின்று முதல் வரிசையை மறைக்கும். பலகைக் கணக்கும் இதையே சொல்கிறது. எட்டுக்கு நாலு பலகை உண்மையில் 2440-க்கு 1220 மி.மீ. அறுக்கும் வாள் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 3 மி.மீ. தின்னும். ஒரு அடி, அதாவது 305 மி.மீ. அகலத்தில் பட்டை அறுத்தால் முழு அளவில் மூன்றுதான் கிடைக்கும். நான்காவது 296-ல் நின்றுவிடும். "நாலடிப் பலகையில் நாலு ஒரு அடி" என்பது வாய்க்கணக்கில் சரி, வாள்கணக்கில் தவறு. 300 என்று வைத்தால் நான்கு வரும். 240 என்று வைத்தால் ஐந்து பட்டைக்கு 1200, நான்கு அறுப்புக்கு 12, மொத்தம் 1212. மீதி 8 மி.மீ. பலகையின் அடிபட்ட ஓரத்தைச் சீராக்க உதவும்.

இந்த ஐந்து பட்டையை வைத்து ஒரு முழு அலமாரியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளியகலம் 800, உயரம் 2100 மி.மீ. இரண்டு பட்டைகளிலிருந்து இரண்டு பக்கப் பலகைகள். மற்ற மூன்று பட்டைகளிலும் தலா மூன்றாக 764 மி.மீ. நீளத்தில் (800-லிருந்து இரு பக்கப் பலகையின் கனமான 36-ஐக் கழித்து) ஒன்பது துண்டுகள். எட்டு துண்டுகள் அடியும் தலையும் இடைத்தட்டுகளும் ஆகும். ஒன்பதாவதை நீளவாக்கில் அறுத்தால் அடிப்பட்டை கிடைக்கும். உயரக் கணக்கு: அடிப்பட்டை 76, எட்டுப் பலகையின் கனம் 144, மீதி 1880 மி.மீ. ஏழு அறைகளுக்கு. கீழறை 340, அடுத்தது 320, மேலே ஐந்து அறைகள் தலா 244. அட்லஸும் பள்ளிப் புத்தகங்களும் கீழே, டெம்மி மேலே. ஏழு தட்டுகளிலும் சேர்த்து 5.3 மீட்டர் வரிசை, இரண்டு செ.மீ. முதுகுள்ள நூல் 260-க்கு மேல் நிற்கும். எல்லாம் ஒரே ஒரு 18 மி.மீ. பலகையில், பின்னால் அடிக்க ஒரு 6 மி.மீ. பலகையோடு. ஒரு அடி ஆழம் என்று பிடிவாதமாக இருந்திருந்தால் இதே அலமாரிக்கு இரண்டு பலகை வாங்கியிருக்க வேண்டும். லீவர் ஆர்ச் கோப்புகள் மட்டும் இதில் நாலரை செ.மீ. வெளியே நீட்டும். அவற்றுக்கு 300 ஆழத்தில் தனியே சிறிய அலமாரி செய்வதே முறை.

அகலத்தை 800-ல் நிறுத்தியதற்குக் காரணம் தொய்வு. இந்த வேலையில் இதைவிட முக்கியமான கணக்கு இல்லை. இரு முனையில் தாங்கிய தட்டின் மேல் சீராகப் பாரம் இருந்தால், நடுவில் ஏற்படும் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மூன்றடித் தட்டை நாலடியாக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, தொய்வோ மும்மடங்கைத் தாண்டுகிறது. கனம் எதிர்த் திசையில் வேலை செய்யும்: கனத்தின் மும்மடிக்கு ஏற்பத் தொய்வு குறையும். 18-லிருந்து 25 மி.மீ.க்குப் போனால் விறைப்பு 2.7 மடங்கு. டெம்மி நூல்கள் நெருக்கமாக நின்றால் மீட்டருக்கு 20 முதல் 25 கிலோ. நல்ல 18 மி.மீ. பிளைவுட், 240 ஆழம், 25 கிலோ பாரம் என்று கணக்கிட்டேன். 764 மி.மீ. நீளத்தில் தொய்வு சுமார் 1.3 மி.மீ.; 900-ல் இரண்டரை; 1200-ல் 8 மி.மீ. இது வைத்த அன்றைய தொய்வு. மரம் பாரத்தின் கீழ் மாதக்கணக்கில் மெல்ல இளகிக்கொடுக்கும். சில ஆண்டுகளில் இந்த எண் இரட்டிப்பாகலாம். நாலடித் தட்டு ஊஞ்சல்போல் வளைந்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். அது ஆசாரியின் குறை அன்று, பலகையின் குறையும் அன்று. அகலத்தைச் சொன்ன அன்றே அந்தத் தொய்வு முடிவாகிவிட்டது.

பார்ட்டிகிள் போர்டின் விறைப்பு பிளைவுட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே 764 நீளத்துக்கு 4 மி.மீ. தொய்யும். அதற்கு இரண்டடிக்கு மேல் நீளம் கொடுக்கக் கூடாது. சுவர் அகலமாக இருந்தால், தட்டை நீட்டுவதற்குப் பதில் இரண்டு அலமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். வீடு மாறும்போது தூக்கவும் எளிது. நாலடி கட்டாயம் வேண்டும் என்றால், தட்டின் முன் ஓரத்துக்குக் கீழே 18 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் உள்ள மரச்சட்டத்தைப் பசையிட்டு அடித்தால் விறைப்பு பல மடங்கு கூடும். பின் ஓரத்தை முதுகுப் பலகையோடு திருகினால் இன்னும் நல்லது. பிளைவுட்டின் மேல்பரப்பு ரேகை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதையும் அறுக்கும் கடையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கழிவைக் குறைப்பதற்காகத் துண்டைக் குறுக்கே திருப்பி அறுத்துவிட்டால் கணக்கெல்லாம் பொய்யாகும்.

எந்த மரம் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் சில தனி விடைகள் உண்டு. பிளைவுட் பற்றிய ஆய்வுக்கென 1962-ல் தொடங்கிய நிறுவனமும், மல்லேசுவரத்தில் மர அறிவியல் நிறுவனமும் பெங்களூரில்தான் இருக்கின்றன. நமக்கு அது பக்கத்து ஊர். கடைக்கு வரும் பலகை யமுனாநகரிலிருந்து வந்தால் பெரும்பாலும் பாப்லர் மரம், பெரும்பாவூரிலிருந்து வந்தால் பெரும்பாலும் ரப்பர் மரம் உள்ளே இருக்கும். எம்.ஆர். தரம் காற்றின் ஈரத்தைத் தாங்கும். பி.டபிள்யூ.ஆர். கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசையில் ஒட்டியது. ஐ.எஸ். 710 படகு வேலைக்கான தரம். வரவேற்பறைப் புத்தக அலமாரிக்கு எம்.ஆர். போதும். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் துணி அலமாரிக்கும் சமையலறைக்கும் பி.டபிள்யூ.ஆர். வாங்குவதே சரி. 710 தேவையில்லாத இடத்தில் அதற்குக் காசு கொடுப்பதைவிட, அந்தப் பணத்தைக் கீலுக்கும் சேனலுக்கும் செலவிடலாம்.

தொழிற்பேட்டை ஊருக்கே உரிய இன்னொரு மரம் பேக்கிங் பெட்டி மரம். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளும் பேலட்டுகளும் பெரும்பாலும் பைன் மரம். பன்னாட்டு விதிப்படி அவற்றில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, பூச்சி செத்திருக்கும். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எண்ணெய் சிந்திய கறை உள்ளதையும் ஒதுக்க வேண்டும். இந்த மரத்தில் அளவு முறையே மாறும். துண்டுகள் ஒரு மீட்டர் சுமாருக்கு மேல் கிடைப்பது அரிது, கனமும் ஒவ்வொன்றும் வேறு. ஆகவே வரைபடம் போட்டு மரம் தேடக் கூடாது. மரத்தை இழைத்துச் சீராக்கி, மிகக் குறைந்த கனத்தை அளந்து, அதற்கு வரைபடம் போட வேண்டும். ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகே இழைப்பு மெஷினில் விடலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. காய்ப்பு ஓய்ந்த மரங்கள் வெட்டப்படும்போது மாம்பலகை மலிவாகக் கிடைக்கும். ரேகை அழகானது. ஆனால் வண்டு துளைக்கும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தாமல் அதைப் புத்தகத்தோடு வைக்கக் கூடாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலியோரமாக வளரும் சில்வர் ஓக் பலகையும் வீட்டுத் தளவாடத்துக்குப் பயன்படும். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

முழுமரம் என்று வந்துவிட்டால் இரும்புக்குப் பழகிய கை ஒன்றை மறந்துவிடக் கூடாது. மரம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதுவும் ரேகைக்குக் குறுக்கே மட்டும், நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. பச்சையிலிருந்து முற்றும் உலரும்வரை தேக்கு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதம் சுருங்கும். தேக்கு சாதுவான மரம். மற்றவை இதைவிட அதிகம் ஆடும். 300 மி.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கினால் அகலம் 2 மி.மீ.க்கு மேல் குறையும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் அதற்குச் சில நூறு மீட்டர் கீழே, வெயிலும் கூடுதல். ஐப்பசி மழையில் ஓசூரில் செய்த கதவு பங்குனி வெயிலில் கிருஷ்ணகிரிக்குப் போனால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். பழைய ஆசாரிகள் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் மிதக்கவிட்டதன் காரணம் இதுதான். காடியின் அடியில் ஒரு நூல் இடம் விட்டிருப்பார்கள். அந்த ஒரு நூல்தான் கதவை ஐம்பது ஆண்டு காப்பாற்றுவது. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் இந்த ஆட்டம் மிகக் குறைவு.

சுவரை அளப்பது இதற்கெல்லாம் பிறகு. நம் வீடுகளில் பூச்சு வேலை சமமாக இருப்பதில்லை. மூலைகள் 90 டிகிரியாக இருப்பதும் அரிது. இரு சுவர்களுக்கு நடுவே பொருத்துவதானால் கீழே, இடுப்புயரத்தில், தலைக்கு மேல் என மூன்று இடங்களில் அகலம் எடுத்து, மிகக் குறைந்ததிலிருந்து 10 மி.மீ. கழித்து அலமாரியைச் செய்ய வேண்டும். மிச்சத்தை ஒரு பட்டையைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்து மூடலாம். மூலையைச் சோதிக்க ஒரு சுவரில் 600, மறு சுவரில் 800 குறித்தால் குறுக்கே 1000 வர வேண்டும். தரையோரம் ஒட்டியிருக்கும் ஸ்கர்டிங் டைல்ஸ் 10 மி.மீ.க்குக் குறையாமல் நீட்டும். சுவிட்ச் பெட்டி, கதவு திறக்கும் பாதை, ஜன்னல் கொக்கி ஆகியவற்றையும் வரைபடத்தில் இட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்பதானால் பின்னால் ஓர் அங்குலம் காற்றுக்கு விடுங்கள். மழைக்காலத்தில் புத்தகத்தில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் அந்தச் சுவரிலிருந்துதான். தரைக்கும் மரத்துக்கும் நடுவே கரையானுக்கு வழி கொடுக்காமல் பிளாஸ்டிக் கால்களோ கல்துண்டோ வைக்கலாம். மட்டம் சரிசெய்யவும் அது உதவும்.

சுவரில் பதித்த கடப்பாக் கல் தட்டுகள் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். கரையான் தொடாது, தொய்வும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றுக்கு மரக்கதவு போடுவதானால் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தால் அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். கோணலை மரச்சட்டத்தில் சரிக்கட்ட வேண்டும், கதவில் அன்று.

துணி அலமாரிக்கு ஹேங்கர்தான் அளவுகோல். அது 42 முதல் 45 செ.மீ. அகலம். துணி இருபுறமும் உரசாமல் தொங்கக் கதவு நீங்கலாக உள்ளாழம் 55 செ.மீ. வேண்டும். சட்டைக்கு ஒரு மீட்டர் உயரம், நீள உடைகளுக்கு ஒன்றரை மீட்டர். மடித்து வைக்கும் புடவைக்கும் வேட்டிக்கும் 35 முதல் 40 செ.மீ. ஆழம் போதும். ஆகவே ஒரே அலமாரியில் மடிப்புத் தட்டுகள் முழு ஆழத்துக்கும் இருந்தால் பின்னால் போனது தீபாவளிக்குத்தான் வெளியே வரும். தட்டைக் குறைந்த ஆழத்தில் அமைத்துக் கதவின் உட்புறத்தில் கொக்கிகளுக்கு இடம் கொடுப்பது மேல். கதவுக்கு வெளியே 1 மி.மீ. மைக்காவும் உள்ளே 0.8-ம் ஒட்டினால் 18 மி.மீ. பலகை 20 ஆகிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் கதவுகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய கதவு வளையும். இரு கதவுக்கு நடுவே 3 மி.மீ., அதாவது மீண்டும் அந்த ஒரு நூல். உள்ளே மறையும் ஆட்டோ கீலுக்கு 35 மி.மீ. வட்டக்குழி வேண்டும். டெலஸ்கோப் சேனலில் ஓடும் இழுப்பறையின் வெளியகலம், திறப்பைவிட 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இங்கே மரத்துக்கான தாராளம் செல்லாது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இழுப்பறை ஒன்று இறுகும், அல்லது கழன்று விழும். லேத்தில் நிற்பவரின் துல்லியம் முழுதாகத் தேவைப்படும் இடம் இது.

செய்து முடித்த அலமாரியை நிறுத்துவதற்கும் ஓர் அளவு உண்டு. படுக்கவைத்துப் பூட்டிய அலமாரியை நிமிர்த்தும்போது, அதன் பக்கவாட்டு மூலைவிட்டம் மேலே தட்டக் கூடாது. நம் வீடுகளில் லாஃப்ட் பெரும்பாலும் ஏழடியில், அதாவது 2134 மி.மீ.-ல் இருக்கும். 2100 உயரமும் 240 ஆழமும் உள்ள புத்தக அலமாரியின் மூலைவிட்டம் 2114, மயிரிழையில் நிமிர்ந்துவிடும். அதே உயரத்தில் 600 ஆழத் துணி அலமாரியின் மூலைவிட்டம் 2184. லாஃப்டுக்குக் கீழே அது நிமிராது. உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகளாகச் செய்து ஒன்றன் மேல் ஒன்று வைக்க வேண்டும். மாடிப்படித் திருப்பத்தையும் வாசற்கால் அகலத்தையும் இதே முறையில் முன்பே அளந்துவிடலாம்.

ஆழத்தைப்போல் ஒன்பது மடங்கு உயரமுள்ள புத்தக அலமாரி தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது. குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோ முன்னால் சாயும். மேல் தட்டுக்குக் கீழே, முதுகுப் பலகைக்குப் பின்னால், அகலம் முழுவதும் ஒரு மரச்சட்டம் வைத்து, அதன் வழியாகச் சுவரில் இரண்டு இடங்களில் துளையிட்டுப் பிளக் செருகித் திருகிவிட வேண்டும். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், உயரத்தை 1200-க்குள் வைத்து இரண்டு தாழ்ந்த அலமாரிகளாகச் செய்துகொள்ளலாம். கனமான நூல்களைக் கீழ்த்தட்டில் அடுக்க வேண்டும்.